போயிட்டு வரேன்

வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால்.
ராணிப்பேட்டை சிப்காட்டில் எங்கள் ஷூ கம்பெனியின்
கணக்குப் பிரிவுக்கு
பேக்கிங் பிரிவைத் தெரியவில்லை.

நடுவில் இருப்பது ஒரு சிமெண்ட் முற்றம்,
தோல் இறக்கும் லாரி ஒன்று.
கை தட்டிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரம்.
கணினி கூப்பிட்டால் மட்டும்
நேரம் முடிந்தது
நேரம் முடிந்தது
நான்கு தரம்.

நாளை சம்பளம்.
அறுபத்திரண்டு பெண்களின் ஓவர்டைம் கணக்கு
முற்றத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது.
தீபாவளிக்கு வைரஸ் வந்ததிலிருந்து
பென்டிரைவுக்கும் தடை.

"அந்தச் சுவரத் தூக்கிடேன்மா" என்றார்
கணக்காளர் இத்ரீஸ்.
"எங்களுது நல்லாத்தான் கீது,
அவங்க சைடுதான் எதுனா" என்றார்
போனில் பூங்காவனம் அக்கா.

சுவர் என்பது
மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பழைய கணினி,
மூன்று நெட்வொர்க் கார்டு செருகியது.
கத்திரி வெயில். ஒரே மின்விசிறி,
அதுவும் அதன் பக்கம்தான் திரும்பியிருக்கும்.
பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

பத்திலிருந்து இருபதுக்கு: அனுமதி.
இருபதிலிருந்து பத்துக்கு: அனுமதி.
கடத்திவிடும் வேலை: நடக்கிறது.
இங்கிருந்து பேக்கிங்கைக் கூப்பிட்டேன், பேசியது.
கணக்கைக் கூப்பிட்டேன், அதுவும் பேசியது.
சண்டை போட்ட வீட்டுக்குப் போனவள் மாதிரி
இரண்டு பக்கமும் எனக்குக் காப்பி கிடைத்தது.

பிறகு, கடந்து போகிறவற்றை
வரி வரியாகப் பார்த்தேன்.
முதல் கார்டில் நுழைந்தது, இரண்டாவதில் வெளியேறியது.
நுழைந்தது, வெளியேறியது.
நுழைந்தது, வெளியேறியது.
அவ்வளவுதான்.
நம்மில் யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்புவதில்லை,
போயிட்டு வரேன் என்றுதான்.
இவை அத்தனையும் போயிருந்தன.

பாவம், காலையிலிருந்து
சுவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

முற்றத்தைத் தாண்டினேன். செருப்பு ஒட்டிப் பிரிந்தது.
பேக்கிங்கில் முதல் கணினி.
வெளியே போகிற வாசல் எது என்று பார்த்தால்
1 இருக்க வேண்டிய இடத்தில் 254.
யார் இந்த 254?

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன்,
மேசைக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்.
ஒட்டடைக்குள் ஒரு மோடம்,
மூன்று பச்சை விளக்கும் முழித்துக்கொண்டு.
டெலிபோன் லைனை வெட்டி இரண்டு வருஷம் ஆகிறது.
மேலே ஒரு சீட்டு:
கழட்டக் கூடாது. சிவக்கொழுந்து.

கேட்ட ஒவ்வொரு முறையும்
பேக்கிங் பதில் சொல்லியிருக்கிறது,
கண் இமைப்பதற்குள்.
எல்லாப் பதிலையும் வாங்கிக்கொண்டு
யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல்
தொலைத்திருக்கிறது இந்தப் பெட்டி.

254-ஐ அழித்தேன். 1 போட்டேன்.
பதினோரு கணினி.
பூங்காவனம் அக்கா பின்னாலேயே வந்தார்.
"அவ்ளோதானா?"
"அவ்ளோதான்க்கா."
"இதுக்கா காலையிலருந்து?"
பன்னிரண்டே முக்காலுக்கு இத்ரீஸின் பிரிண்டர்
அறுபத்திரண்டு பெயர்களையும் துப்பத் தொடங்கியது.
அவர் எண்ணிப் பார்த்தார், இரண்டு முறை.

சாயங்காலம் ஆற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில்
பாலாற்றுப் பாலத்தின் மேல் இருக்கும்போது
சிவக்கொழுந்து திருப்பிக் கூப்பிட்டார், ஓசூரிலிருந்து.
பின்னால் ஏதோ மிஷின் ஓடியது.
"அதுவா? இன்னுமா கீது?
ஒரே ஒரு ராத்திரிக்குனு வெச்சதுமா அது."
கீழே மணல். சிரித்துக்கொண்டோம்.

பன்னிரண்டாவது கணினி மேனேஜர் அறையில்.
பூட்டியிருக்கிறது.
சாவியோடு அவர் திருப்பத்தூரில், மச்சினன் கல்யாணத்தில்.
மோடத்தை நான் கழட்டிவிட்டேன்.
அதற்கு யாரும் சொல்லவில்லை.
திங்கட்கிழமைவரை
அந்த இருட்டில் அது கேட்டுக்கொண்டிருக்கும்,
254 யார்
254 யார் என்று.